இங்கிலீஷ் கிளாஸ்ல போர்டு கேம்: பேச வைக்கிறது பெட்டியா, அதுக்குள்ள இருக்கற மறைப்பா?

"விளையாட்டு மூலமா இங்கிலீஷ்"ங்கற வரியை இப்போ பெங்களூர்ல நெறைய ஸ்கூல் நோட்டீஸ்லயும் ட்யூஷன் சென்டர் போர்டுலயும் பார்க்கலாம். இந்திராநகர், கோரமங்களா பக்கம் போர்டு கேம் அடுக்கி வெச்சிருக்கற கஃபேக்கள் வந்ததுக்கு அப்புறம் இந்த ஆசை இன்னும் கூடிடுச்சு, ஸ்கூல்ல எழுத்துக்கட்டையைப் போர்டுல அடுக்கி வார்த்தை உருவாக்கற ஸ்கிராபிள் பெட்டி ரெண்டு வாங்கறாங்க, வாரத்துல ஒரு பீரியட் ஒதுக்கறாங்க, பசங்களும் சந்தோஷமா விளையாடறாங்க, அப்புறம் எழுத்துக்கட்டை நாலஞ்சு தொலைஞ்சு போய் பெட்டி அலமாரிக்குள்ள போயிடுது. இங்கிலீஷ் பேச்சு வந்துச்சான்னு டீச்சர்கிட்ட கேட்டா பெருசா ஒண்ணும் தெரியலைங்கறாங்க. அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் சாயங்கால நேரத்துல பசங்களுக்கும் பெரியவங்களுக்கும் இங்கிலீஷ் சொல்லித்தர்ற ஆளு நான். போர்டு கேம் நிஜமாவே உதவும்னு முழுசா நம்பறேன், ஆனா எந்த ஆட்டம், எதுக்காக உதவுதுங்கறதை யாரும் சரியா விளக்கறதில்லைங்கற ஆதங்கம் இருக்கு, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

முதல்ல ஸ்கிராபிளையே எடுத்துக்குவோம், ஏன்னா இங்கிலீஷ் கேம்னு சொன்ன உடனே எல்லாரும் நினைக்கறது அதைத்தான். ஆல்ஃபிரட் பட்ஸ்னு ஒரு அமெரிக்க ஆர்க்கிடெக்ட், 1930கள்ல பொருளாதார மந்தத்துல வேலை போன நேரத்துல உருவாக்கின ஆட்டம் அது. பேப்பர்ல எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு உக்காந்து எண்ணிப் பார்த்து, அதை வெச்சு எழுத்துக்கட்டைகளைப் பிரிச்சார். அதனாலதான் மொத்தம் 100 கட்டையில இ எழுத்து மட்டும் 12 இருக்கு, அதுக்கு 1 பாயிண்ட்தான், க்யூவும் இஸட்டும் ஒண்ணே ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் 10 பாயிண்ட். எஸ் இருந்தா எந்த வார்த்தையையும் ஈஸியா நீட்டிடலாம்னு அதுல 4 மட்டும் வெச்சார். 1948ல ஜேம்ஸ் பிரூனோங்கறவர் ஸ்கிராபிள்ங்கற பேர்ல அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ரொம்ப அழகா யோசிச்சுச் செஞ்ச ஆட்டம்தான், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனா ஸ்கிராபிள் விளையாடறப்போ நாலு பேரும் என்ன பண்றாங்கன்னு கவனிங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஏழு கட்டையை மாத்தி மாத்தி அடுக்கறாங்க, ஒருத்தர் வார்த்தையை வெக்கறார், பாயிண்ட் கூட்டறாங்க, மறுபடியும் அமைதி. முக்கால் மணி நேரத்துல ஒருத்தர் வாயிலேர்ந்தும் ஒரு முழு வாக்கியம் வந்திருக்காது. வெக்கற வார்த்தைக்கு அர்த்தம் தெரியணும்னு கூட ஆட்டத்துல விதி கிடையாது. இதுக்கு உலகமே பார்த்த சாட்சி நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூஸிலாந்துக்காரர், பிரெஞ்சு பேசத் தெரியாது, பிரெஞ்சு ஸ்கிராபிள் வார்த்தைப் பட்டியலை சில வாரத்துல மனப்பாடம் பண்ணி 2015ல பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் சாம்பியன் ஆனார். 2024ல ஸ்பானிஷ்லயும் அதையே செஞ்சு காட்டினார். ஒரு பாஷையில வாயைத் திறக்காமலே அந்த பாஷையோட பெரிய வார்த்தை விளையாட்டுல முதல் இடத்துக்கு வர முடியும்னா, நம்ம ஏழாங்கிளாஸ் பசங்க ஸ்கிராபிள் விளையாடினா பேச்சு வரும்னு எதிர்பார்க்கறது எப்படி சரியாகும்? ஸ்பெல்லிங் பழக, தெரிஞ்ச வார்த்தையை மறக்காம இருக்க அது நல்லது, அதுக்குன்னு தனியா விளையாடலாம். பேச்சுக்கு அது இல்லை.

அப்போ பேச்சுக்கு எது? இதுக்குப் பதில் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதே இல்லை, நம்ம ஊர்லயே, பெங்களூர்லயே, நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரிய முயற்சி நடந்திருக்கு. என்.எஸ். பிரபுன்னு ஒருத்தர், மெட்ராஸ்ல பிரிட்டிஷ் கவுன்சில்ல வேலை பார்த்தவர், இங்க இருக்கற ரீஜனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இங்கிலீஷ் கூட சேர்ந்து 1979லேர்ந்து 1984 வரைக்கும் தென்னிந்தியாவுல சாதாரணப் பள்ளிகள்ல ஒரு பரிசோதனை நடத்தினார். உலகம் முழுக்க இங்கிலீஷ் டீச்சர் ட்ரெய்னிங்ல இன்னைக்கும் அதை பெங்களூர் ப்ராஜெக்ட்னுதான் சொல்றாங்க, ஆனா பெங்களூர்ல இங்கிலீஷ் சொல்லித்தர்ற நெறைய பேருக்கு இது நடந்ததே தெரியாதுங்கறது எனக்கு ரொம்ப வருத்தம். அவரோட எண்ணம் எளிமையானது: இலக்கணத்தைச் சொல்லிக்கொடுத்துட்டு அப்புறமா பேசச் சொல்ற வழக்கத்தைத் திருப்பிப் போட்டார். பசங்ககிட்ட ரயில் டைம்டேபிளைக் குடுத்தார், மேப்பைக் குடுத்தார், காலண்டரைக் குடுத்தார், இந்த ரயில் விட்டா அடுத்தது எது, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன்னு கண்டுபிடிக்கற வேலையை இங்கிலீஷ்லயே குடுத்தார். விடை சரியான்னுதான் மார்க், வாக்கியம் சரியான்னு இல்லை. மனசு முழுக்க வேலையில இருக்கறப்போ பாஷை தானா உள்ள இறங்கும்ங்கறது அவர் கணக்கு.

அந்த வேலைகளை அவர் மூணு வகையாப் பிரிச்சார், மூணுலயும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கணும்ங்கறது முக்கியம். ஒண்ணு, உன்கிட்ட ஒரு தகவல் இருக்கு, என்கிட்ட இல்லை, கேட்டு வாங்கினாத்தான் வேலை முடியும். இன்னொண்ணு, இருக்கற தகவலை வெச்சு யோசிச்சு புதுசா ஒண்ணைக் கண்டுபிடிக்கணும். மூணாவது, சரி தப்புன்னு ஒரே விடை இல்லாத இடத்துல அவங்கவங்க அபிப்பிராயத்தைச் சொல்லணும். இதுல பிரபுவுக்கு ரெண்டாவதுதான் ரொம்பப் பிடிச்சிருந்துது, அதைப் பின்னாடி சொல்றேன். இப்போதைக்கு இந்த இடைவெளியை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு ஒரு போர்டு கேம் பெட்டியைத் திறந்து பாருங்க. எல்லாமே எல்லார் கண்ணுக்கும் தெரியற ஆட்டத்துல பேச வேண்டிய அவசியம் வராது, செஸ், லூடோ, கேரம் எல்லாம் வாயே திறக்காம விளையாடலாம். யார்கிட்டயோ எதுவோ மறைஞ்சிருந்தா, அதை வார்த்தையாலதான் எடுக்க முடியும்னா, அப்போதான் பேச்சு பிறக்குது. ஒரு ஆட்டம் இங்கிலீஷ் கிளாஸுக்கு உதவுமான்னு பார்க்க இந்த ஒரு கேள்வி போதும்னு நான் நினைக்கறேன்: எதை மறைச்சு வெச்சிருக்கு, அதை எப்படி வெளிய கொண்டுவரணும்?

கெஸ் ஹூ ஆட்டத்தைப் பாருங்க. தியோ கோஸ்டர், ஓரா கோஸ்டர்னு கணவன் மனைவி ரெண்டு பேர் சேர்ந்து உருவாக்கினது, 1979ல வெளிவந்தது. ஆளுக்கு ஒரு தட்டு, 24 முகம், எதிராளி ரகசியமா ஒரு முகத்தை எடுத்து வெச்சிருப்பார், ஆமா இல்லைன்னு பதில் வர்ற கேள்வியா கேட்டுக் கேட்டு அது யாருன்னு கண்டுபிடிக்கணும். சின்னப் பசங்க ஆட்டம் மாதிரி தெரியும், ஆனா தமிழ், கன்னடம் பேசற பசங்களுக்கு இங்கிலீஷ்ல ரொம்ப முரண்டு பிடிக்கற ஒரு விஷயத்தை இது நேராப் போய்த் தொடுது. நாம தமிழ்ல "அவருக்கு தாடி இருக்கு"ங்கறதைக் கேள்வியா மாத்தணும்னா கடைசியில ஒரு ஆ சேர்த்து "தாடி இருக்கா"ன்னு முடிச்சுடறோம், கன்னடத்துலயும் கிட்டத்தட்ட அதே வழிதான். இங்கிலீஷ்ல அப்படி முடியாது, முன்னாடி ஒரு டஸ் வரணும், அது வந்த உடனே பின்னாடி இருக்கற ஹேஸ் ஹேவ் ஆகணும், "டஸ் ஹி ஹேவ் எ பியர்ட்". கண்ணாடின்னா "இஸ் ஷி வேரிங் கிளாஸஸ்", இஸ் முன்னாடி ஓடி வரணும். பத்தாங்கிளாஸ் முடிச்சவங்க கூட "ஹி இஸ் ஹேவிங் பியர்டா"ன்னு கேக்கறது இதனாலதான், இது அவங்க புத்தியில குறை இல்லை, வாய் பழகலை, அவ்வளவுதான். நோட்ல இருவது தடவை எழுதினாலும் வாய் பழகாது. இந்த ஆட்டத்துல ஒரே ரவுண்டுல ஒரு பொண்ணு இந்த மாதிரி கேள்வியை பல தடவை கேக்கறா, ஒவ்வொரு தடவையும் பதில் தெரிஞ்சாகணும்ங்கற நிஜமான தேவையோட கேக்கறா.

இதுல நான் ரொம்ப ரசிக்கற இடம் வேற. 24 முகத்தை ஒவ்வொரு கேள்வியிலயும் பாதியாக்க முடிஞ்சா அஞ்சே கேள்வியில ஆள் சிக்கிடுவார், 12, 6, 3, அப்புறம் ரெண்டோ ஒண்ணோ. புதுசா விளையாடறவங்க "தொப்பி போட்டிருக்காரா"ன்னு கேப்பாங்க, அதுல நாலஞ்சு முகம்தான் போகும். கொஞ்சம் பழகின பசங்களுக்கு பாதியா வெட்டற ஆசை வந்துடும், அப்போ "தொப்பியோ கண்ணாடியோ போட்டிருக்காரா"ன்னு ரெண்டைச் சேர்த்துக் கேக்கணும், அதுக்கு ஆர்ங்கற இணைப்பு வார்த்தை வேணும், நீளமான வாக்கியம் வேணும். ஜெயிக்கணும்ங்கற வெறியே பெரிய வாக்கியத்தை வாயிலேர்ந்து இழுத்துக்கிட்டு வருது, டீச்சர் சொல்லவே வேண்டியதில்லை. பழைய பெட்டியில 24 பேர்ல பொம்பளைங்க 5 பேர்தான், அதனால "பொம்பளையா"ங்கறது வீணான கேள்வி ஆயிடும், நாமளே தாள்ல தயார் பண்றப்போ பாதிக்குப் பாதி வெச்சுடலாம். முகத்துக்கே பண்ணணும்னும் இல்லை. ரஸல் மார்க்கெட் காய்கறி 24 வரைஞ்சு வெச்சாலும் ஆட்டம் ஓடும், மண்ணுக்கடியில விளையுமா, பச்சையா சாப்பிடுவாங்களா, தோல் உரிக்கணுமா, சாம்பார்ல போடுவாங்களான்னு கேள்வி அருவியா வரும். சிவாஜி நகர் பசங்களுக்கு அந்தக் காய் எல்லாம் கண்ணுக்கு முன்னாடி இருக்கறது, இங்கிலீஷ் பேருதான் தெரியாது, ஆட்டத்துல ஒரு தடவை தேவைப்பட்டுடுச்சுன்னா அப்புறம் மறக்காது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. 40 பேர் இருக்கற கிளாஸ், 40 நிமிஷ பீரியட். டீச்சர் ஒரு வார்த்தை பேசாம எல்லாரையும் வரிசையா பேச விட்டாக்கூட ஆளுக்கு 1 நிமிஷம். நிஜத்துல முதல் பெஞ்சுல நாலு பேர்தான் பேசுவாங்க, கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கறவங்களுக்கு வருஷம் முழுக்க ஒரு நிமிஷம் கிடைக்காது. அதே கிளாஸை ரெண்டு ரெண்டு பேராப் பிரிச்சு நடுவுல ஸ்கூல் பையைத் தடுப்பா வெச்சு 20 நிமிஷம் விளையாட விட்டா ஆளுக்கு கிட்டத்தட்ட 10 நிமிஷம் பேச்சு. சத்தம் இருக்கும், பக்கத்து கிளாஸ் டீச்சர் வந்து எட்டிப் பார்ப்பாங்க, ஆனா அந்தச் சத்தம்தான் நமக்கு வேணும். கனடாவுல மெரில் ஸ்வெய்ன்ங்கற ஆராய்ச்சியாளர் பிரெஞ்சு மீடியத்துல வருஷக்கணக்கா படிச்ச, வீட்டுல இங்கிலீஷ் பேசற பசங்களைப் பார்த்து 1985ல எழுதினது இதோட சேர்த்துப் படிக்க வேண்டியது: அந்தப் பசங்களுக்கு பிரெஞ்சு நல்லா புரிஞ்சுது, ஆனா பேச்சுலயும் எழுத்துலயும் தடுமாற்றம் இருந்துது, காரணம் கேக்கறது நெறைய, சொந்தமா நீளமாச் சொல்ல வேண்டிய நெருக்கடி கம்மி. நம்ம இங்கிலீஷ் மீடியம் பசங்க கதையும் இதேதான், டிவியில வர்ற இங்கிலீஷ் எல்லாம் புரியும், பக்கத்து வீட்டு அங்கிள் இங்கிலீஷ்ல ரெண்டு கேள்வி கேட்டா அம்மா பின்னாடி போய் நின்னுக்குவாங்க.

இந்த இடத்துல பிரபுவோட ஆட்சேபணையைச் சொல்லாம தாண்டிப் போறது நியாயமில்லை. பசங்களை குரூப்பா விட்டு அவங்களுக்குள்ளயே பேச விடறதுல அவருக்கு நம்பிக்கை கம்மி. பசங்க பேசறது உடைஞ்ச இங்கிலீஷ், அதையே திரும்பத் திரும்ப ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கேட்டா அந்த உடைஞ்ச இங்கிலீஷே உறைஞ்சு போயிடும்ங்கறது அவர் பயம். அதனாலதான் அவர் வேலையை முதல்ல மொத்த கிளாஸோடயும் டீச்சர் வாய் வழியா ஒரு தடவை கேள்வி பதிலா நடத்திட்டு, அதே மாதிரி இன்னொரு வேலையை ஒவ்வொருத்தரும் தனியா செய்யச் சொன்னார். ரெண்டாவது வகை, அதாவது யோசிச்சுக் கண்டுபிடிக்கற வேலை, அவருக்குப் பிடிச்சதுக்கும் காரணம் இருக்கு. தகவலைக் கை மாத்தறதுக்கு ஒரு வார்த்தை, ஒரு கை ஜாடை போதும்னு முடிஞ்சு போயிடலாம், யோசிச்சு முடிவெடுக்கறதுல அப்படித் தப்பிக்க முடியாது, காரணம் சொல்லணும்.

இந்த பயம் நியாயமானதுன்னு நான் ஒத்துக்கறேன், ஏன்னா கவனிக்காம விட்டா கண் முன்னாடியே அது நடக்கும். "பியர்ட்?" "நோ." "கிளாஸ்?" "எஸ்." இப்படியே ஆட்டம் முடிஞ்சுடும், ஜெயிக்கவும் ஜெயிச்சுடுவாங்க. மறைப்பு இருந்தும் பாஷை வரலை. ஆனா இதுக்காக ஜோடி ஆட்டத்தையே விட்டுடணும்ங்கறதை நான் ஏத்துக்க மாட்டேன், அந்த 10 நிமிஷத்தை வேற எங்கயும் சம்பாதிக்க முடியாது. பிரபு சொன்னதையே ஆட்டத்துக்குள்ள கொண்டு வந்துடலாம். முதல் ரவுண்டு டீச்சருக்கும் மொத்த கிளாஸுக்கும் நடுவுல, டீச்சர்கிட்டதான் ரகசிய அட்டை, பசங்க கேக்கறாங்க, உடைஞ்சு வர்ற கேள்வியை டீச்சர் திட்டாம முழுசா திருப்பிச் சொல்லிட்டு பதில் சொல்றாங்க. கேள்வியோட முன்பாதி கரும்பலகையில எழுதியிருக்கும். அப்புறம் ஜோடி ஆட்டம், அதுல ஒரே ஒரு விதி, முழுக் கேள்வியா கேட்டாத்தான் எதிராளி பதில் சொல்லணும், பாதிக் கேள்வின்னா அந்த முறை போச்சு. இதை டீச்சர் போய் காவல் காக்க வேண்டாம், எதிராளியே காப்பான், அழுகுணி ஆட்டம் ஆடறவனைப் பிடிக்கறதுல பசங்களை மிஞ்ச ஆளே கிடையாது. கடைசி 10 நிமிஷம் திரும்ப கரும்பலகை: சுத்தி வர்றப்போ காதுல விழுந்த நாலஞ்சு வாக்கியத்தை, யார் சொன்னதுன்னு சொல்லாம எழுதி, எல்லாரும் சேர்ந்து சரி பண்ணணும். இந்தக் கடைசி 10 நிமிஷத்தை டைம் இல்லைன்னு வெட்டிடறாங்க பாருங்க, அங்கதான் பாதி பிரயோஜனம் போயிடுது. பெங்களூர் ப்ராஜெக்டையே வெளியாளுங்க வந்து சோதிச்சப்போ முடிவு ஒரே பக்கமா வரலை, ஓரளவு ஆதரவாத்தான் வந்துச்சு, அதனால வேலை மட்டும் குடுத்தா இலக்கணம் தானா வந்துடும்னு கண்ணை மூடிட்டு நம்பறதை விட இந்தக் கடைசி 10 நிமிஷத்தை வெச்சுக்கறது நல்லது.

பிரபு ரயில் டைம்டேபிள் வெச்சார், நம்மகிட்ட இப்போ மெட்ரோ மேப் இருக்கு. என்னைக் கேட்டா பெங்களூர் பசங்களுக்கு இதை விட நல்ல போர்டு கிடையாது, காசும் கிடையாது. பர்ப்பிள் லைன், கிரீன் லைன் ரெண்டும் மெஜஸ்டிக்ல வெட்டிக்கற மேப்பை ஒரு தாள்ல வரைஞ்சு ஜோடிக்கு ரெண்டு காப்பி. ஒருத்தர்கிட்ட இருக்கற காப்பியில எந்த ஸ்டேஷன் இன்னைக்கு மூடியிருக்குன்னு சிவப்புக் கோடு போட்டிருக்கும், அது இன்னொருத்தருக்குத் தெரியாது. இன்னொருத்தர்கிட்ட போக வேண்டிய இடம், போய்ச் சேர வேண்டிய நேரம் எழுதின அட்டை இருக்கும், அது இவருக்குத் தெரியாது. அல்சூர்லேர்ந்து ஸ்ரீராம்புரம் அத்தை வீட்டுக்குப் போகணும்னு வெச்சுக்கோங்க: ட்ரினிட்டி, எம்.ஜி. ரோடு, கப்பன் பார்க், விதான சௌதா, சென்ட்ரல் காலேஜ், மெஜஸ்டிக்ல இறங்கி லைன் மாறி மந்த்ரி ஸ்கொயர், அடுத்தது ஸ்ரீராம்புரா. மொத்தம் எட்டு ஸ்டாப். ஸ்டாப்புக்கு இத்தனை நிமிஷம், லைன் மாற இத்தனை நிமிஷம்னு நாமளே ஒரு கணக்கு குடுத்துடலாம். மெஜஸ்டிக் மூடியிருக்குன்னு எதிராளி சொன்னா அங்கதான் நிஜமான பேச்சு ஆரம்பிக்குது, அப்போ எங்க இறங்கணும், மீதிக்கு ஆட்டோவா நடையா, ஆறு மணிக்குள்ள போக முடியுமா, "இஃப் யூ கெட் டவுன் அட்"னு ஆரம்பிக்கற வாக்கியம் எல்லாம் கேக்காமலே வரும். இது தகவல் இடைவெளியும், யோசனை இடைவெளியும் ஒண்ணா சேர்ந்தது. பசங்களுக்கு இந்த ஊர் தெரியும், இந்த ஸ்டேஷன் படிக்கட்டுல ஏறி இறங்கியிருக்காங்க, அதனால லண்டன் தெருப்பேரு போட்ட வொர்க்‌ஷீட்டை முறைச்சுப் பார்க்கற மாதிரி இதை முறைச்சுப் பார்க்க மாட்டாங்க.

கடையில வாங்கற ஆட்டத்துல கோட்நேம்ஸ் எட்டாவதுக்கு மேல இருக்கறவங்களுக்கு ரொம்ப நல்லது. விளாடா குவாட்டில்ங்கற செக் நாட்டுக்காரர் உருவாக்கி 2015ல வந்தது, அடுத்த வருஷமே ஜெர்மனியோட பெரிய விருதை வாங்கிடுச்சு. 25 வார்த்தை மேஜையில, எது எந்த டீமோடதுன்னு ரெண்டு பேருக்குத்தான் தெரியும், அவங்க குறிப்பா ஒரே ஒரு வார்த்தையும், அது எத்தனை வார்த்தைக்குப் பொருந்தும்ங்கற எண்ணும்தான் சொல்லலாம், எந்தெந்த வார்த்தைன்னு டீம்ல மீதிப் பேர் உக்காந்து வாதாடி கண்டுபிடிக்கணும். குறிப்பு குடுக்கறவரை விட அந்த வாதாட்டத்துலதான் இங்கிலீஷ் பேச்சு இருக்கு, "ஐ திங்க்", "பட் இட் குட் ஆல்ஸோ பி", "நோ பிகாஸ்" எல்லாம் அங்க வந்து விழும். பெட்டியில வர்ற வார்த்தை எல்லாம் நம்ம பசங்களுக்கு ஒத்துவராது, பாடப்புத்தகத்துல அந்த மாசம் வந்த வார்த்தை 25ஐ அட்டையில எழுதிக்கலாம், ஆட்டத்துல ஒரு குறையும் வராது. டிக்ஸிட் படம் பார்த்து கதை சொல்ற ஆட்டம், ழான் லூயி ரூபிராங்கற பிரெஞ்சு மனநல டாக்டர் உருவாக்கினது, 84 அட்டை, விலைதான் நம்ம ட்யூஷன் சென்டருக்கு எட்டாது, பழைய வார இதழ்ல படம் வெட்டி ஒட்டியும் ஆடலாம். டாபூ, சொல்லக்கூடாத வார்த்தையைத் தவிர்த்துட்டு விளக்கற ஆட்டம், கொஞ்சம் பேச்சு வந்தவங்களுக்குத்தான், ஆரம்பத்துல குடுத்தா வாயடைச்சுப் போயிடுவாங்க. பாம்பு ஏணி, நம்ம பரமபதம்தான் இங்கிலாந்து போய் உருமாறி திரும்பி வந்துது, கட்டத்துல வார்த்தையை ஒட்டி படிச்சாத்தான் ஏறலாம்னு பண்றாங்க, அதுல மறைஞ்சிருக்கறது ஒண்ணும் இல்லை, பகடை உருட்டற இடைவெளியில ஒரு வொர்க்‌ஷீட் செய்யறாங்க, அவ்வளவுதான். ஒண்ணாங்கிளாஸ்ல எண் பழக மட்டும் வெச்சுக்கலாம்.

தமிழ்ல பேசினா ஃபைன்ங்கற வழக்கம் இன்னும் சில ஸ்கூல்ல இருக்கு, அதை ஆட்டத்துக்குள்ள கொண்டு வரவே கூடாதுன்னு நான் உறுதியா நினைக்கறேன். நம்ம கிளாஸ்ல ஒரு மேஜையில தமிழ், கன்னடம், உருது மூணும் ஓடும், வீட்டுல ஒண்ணு, தெருவுல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணுன்னு வளர்ற பசங்க இவங்க. ரூல்ஸ் புரியலைன்னா தமிழ்ல கேக்கட்டும், அடுத்து என்ன பண்ணலாம்னு தன் டீம்ல கிசுகிசுன்னு எந்த பாஷையிலயும் பேசட்டும், ஆனா ஆட்டத்துல காய் நகரணும்னா அந்த வாக்கியம் மட்டும் இங்கிலீஷ்ல இருக்கணும். இந்தப் பிரிவினை தெளிவா இருந்தா பசங்க கலங்கறதே இல்லை. பாஷை எப்படி வருதுன்னு ஆராய்ச்சி பண்ணின ஸ்டீபன் கிராஷன் 1980கள்ல சொன்னது, பயமும் பதட்டமும் இருக்கறப்போ காதுல விழற பாஷை உள்ள இறங்காதுன்னு, அவர் சொன்ன எல்லாத்தையும் பின்னாடி வந்தவங்க அப்படியே ஏத்துக்கலை, ஆனா இந்த ஒண்ணைக் கிளாஸ்ல நிக்கற எந்த டீச்சரும் மறுக்க மாட்டாங்க.

பெரியவங்க விஷயத்துல இது இன்னும் முக்கியம். அபார்ட்மென்ட்ல வேலை செய்யற அக்காங்க, செக்யூரிட்டி அண்ணனுங்க, பியூட்டி பார்லர்ல, துணிக்கடையில நிக்கற பொண்ணுங்க சாயங்கால கிளாஸுக்கு வர்றாங்க, எழுந்து நின்னு "மை நேம் இஸ்" சொல்லச் சொன்னா பலருக்கு கண்ணுல தண்ணி வந்துடும், எல்லாரும் தன் முகத்தையே பார்க்கறாங்கங்கற கூச்சம். நடுவுல ஒரு அட்டை இருந்தா எல்லார் கண்ணும் அட்டை மேல போயிடுது, பேசறவங்க முகம் மேல இல்லை. இவங்களுக்கு நம்ம பழைய பிசினஸ் ஆட்டம் மாதிரி வாங்கறது விக்கறது இருக்கற ஆட்டம்தான் நல்லது, ஆனா பகடை உருட்டி வாடகை கட்டற பகுதியைக் குறைச்சுட்டு, பேரம் பேசற பகுதியைப் பெருசாக்கணும். ஆளுக்கு ஒரு ரகசிய அட்டை, இதுக்கு மேல குடுக்க மாட்டேங்கற விலை அதுல எழுதியிருக்கும், எதிர்ல இருக்கறவருக்குத் தெரியாது. ரஸல் மார்க்கெட்ல தினமும் பேரம் பேசி ஜெயிக்கற கை அது, விலை கேக்கறது, குறைக்கச் சொல்றது, ரெண்டு எடுத்தா எவ்வளவு, நாளைக்குத் தர்றேன், இதெல்லாம் அவங்களுக்கு அத்துப்படி, புதுசா வேண்டியது இங்கிலீஷ் வாக்கியம் மட்டும்தான். சம்பளம் ஏத்திக் கேக்கறதையும் இதே அட்டையில ஒரு ரவுண்டு வெக்கலாம், நான் வெக்கறேன், ஏன்னா அவங்களுக்கு இங்கிலீஷ் வேண்டியிருக்கறதே அந்த மாதிரி இடத்துலதான்.

அப்பா அம்மாக்கள் கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, ஃபீஸ் கட்டி அனுப்பறது விளையாடறதுக்கான்னு. கஷ்டப்பட்டு சம்பாதிச்ச காசு, கேக்கறது அவங்க உரிமை, அதுக்கு வாயால விளக்கம் சொல்றதை விட நோட்ல காட்டறது நல்லது. ஆட்டம் முடிஞ்ச உடனே அஞ்சாறு வரி எழுதச் சொல்லணும், நான் என்ன கேட்டேன், அவன் என்ன சொன்னான், எங்க ஏமாந்தேன், எப்படி கண்டுபிடிச்சேன். நடந்து முடிஞ்சதைப் பத்தி எழுதறதால எல்லாம் பாஸ்ட் டென்ஸ்ல வந்தாகணும், ஆஸ்க்டு, செட், கெஸ்டு, லாஸ்ட். பேச்சுல பழகினது பரீட்சை எழுத்துக்குத் தானாப் போய்ச் சேராது, நடுவுல இப்படி ஒரு பாலம் போடணும், வீட்டுக்குப் போற நோட்லயும் ஒரு பக்கம் நிரம்பியிருக்கும்.

ஸ்கூல்ல இதை ஆரம்பிக்க நினைக்கற டீச்சர்களுக்கு ஒண்ணு சொல்வேன், ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பெட்டி வாங்கக் காசு கேக்காதீங்க, வாரத்துல ஒரு நாள் அடுத்தடுத்து ரெண்டு பீரியடைச் சேர்த்துக் கேளுங்க. புது ஆட்டத்தோட ரூல்ஸ் சொல்லி டீச்சர் ரவுண்டு முடிக்கவே 15 நிமிஷம் போயிடும், ஆட்டம் 20, கரும்பலகை 10, எழுத்து 15, பெஞ்சை நகர்த்தி ஒழுங்கு பண்ண மீதி, 80 நிமிஷம் இருந்தா மூச்சு வாங்காம முடியும், 40ல அடைச்சா முதல்ல போறது கரும்பலகைதான். அதே ஆட்டத்தை அடுத்த வாரமும், அதுக்கு அடுத்த வாரமும் அட்டையை மட்டும் மாத்தி ஆடுங்க, ரூல்ஸ் சொல்ற நேரம் மிச்சம் ஆகும், மூணாவது வாரத்துல பசங்க கரும்பலகையில எழுதின முன்பாதியைத் திரும்பிப் பார்க்காமலே கேக்க ஆரம்பிச்சுடுவாங்க, அப்போ அதை அழிச்சுடலாம்.